மிச்சம் வைக்கிற கன்று

மற்ற கன்றுகளை மடியிலிருந்து பிரிக்க இரண்டு கை போதாது. தும்பைப் பிடித்து இழுத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, சாணியில் கால் வழுக்கி, ஒருவழியாகக் கொண்டுபோய் முளைக்குச்சியில் கட்டுவதற்குள் கறக்கிறவளுக்கு வியர்த்துவிடும். பொட்டு அப்படியில்லை. நான்கு முட்டு முட்டிக் கொஞ்சம் குடிக்கும். பிறகு தானாகவே காம்பை விட்டு விலகி, வாயோரம் நுரை ஒழுக, தாயின் பின்னங்கால் ஓரமாக நின்றுகொள்ளும். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"பாரு, எம்மாம் மரியாத தெரிஞ்ச கன்னு," என்பாள் ஆதிலட்சுமி, வாளியை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டே. "தனக்குப் போதும்னா நமக்கு மிச்சம் வெச்சிடும்."

சொம்போடு காத்திருக்கும் எதிர்வீட்டுத் தனக்கொடி விடமாட்டாள். "கன்னு வயித்துக்குப் போறது எங்க வீட்டு டீக்கு வருது. குடிக்கும்போது அது மூஞ்சி எங்களுக்குத்தான் கனவுல வரும்."

"வந்தா வரட்டும். அதுகிட்டயும் ரெண்டு வார்த்த மரியாதையப் பத்திக் கேட்டுக்க."

உப்பளம் என்கிற பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற சந்து அது. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துவைத்த துணியில், கதவின் தாழ்ப்பாளில், மாட்டின் மூக்கணாங்கயிற்றில்கூட அதன் ஈரம் இருக்கும். வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஆதிலட்சுமியின் புருஷன் கலியபெருமாள் ஒரு கிடங்குக்குக் காவலுக்குப் போனான். ஆதிலட்சுமி மூன்று மாடுகளை வைத்துக்கொண்டாள். அவற்றில் செவலைநிறச் சிவப்பிக்குத்தான் ஊரில் பேர். பொட்டு அவளுடைய கிடேரிக் கன்று. நெற்றியில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்ததால் அந்தப் பெயர்.

சிவப்பியின் பேருக்குக் காரணம் பால் இல்லை, படி.

புதுவீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைந்தபிறகுதான் மனிதர்கள் நுழைய வேண்டும். தனி வீடுகள் இருந்த காலத்தில் அது பெரிய காரியமில்லை. இப்போது எல்லாம் மாடிமேல் மாடியாக எழும்புகிறது. இரண்டாவது மாடியில் வீடு வாங்குகிறவர்களுக்கும் பசு வேண்டும். முக்கால்வாசி மாடுகள் படியைக் கண்டால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். ஏறினாலும் இறங்காது. சிவப்பி ஏறுவாள். குறுகலான திருப்பத்தில் வயிற்றை ஒருபக்கம் ஒதுக்கித் திரும்பத் தெரியும். மொசைக்கில் வழுக்காமலிருக்க விரிக்கிற சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பாள். கூடத்துக்கு வந்ததும் தவறாமல் சாணி போடுவாள். அது விழுந்தவுடன் வீட்டார் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்து ஆதிலட்சுமிக்கே சிரிப்பு வரும். நேற்றுவரை ஓர் எறும்பு ஏறக்கூடாது என்று துடைத்துவைத்த தரை.

"சிவப்பியா? அப்ப சரி, மத்தத நான் பாத்துக்கறேன்," என்பார் ஐயர். ஊரில் பாதிப் புதுமனை புகுவிழாவுக்கு அவர்தான்.

ஒரே ஒரு பிடிவாதம் சிவப்பிக்கு. தன் கன்று பின்னால் வரவேண்டும். வேறு கன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் முகர்ந்து பார்த்துவிட்டு உதைப்பாள்.

*

கார்த்திகை மாதத்தில் முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. இரண்டாவது மாடி. அதற்கு முன்னால் பொட்டு போன இரண்டு இடங்களும் தரைவீடுகள். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் படி ஈரமாக இருந்தது. கிளம்பும்போதே கலியபெருமாள் வெல்லம் கரைத்த தண்ணீரை மூங்கில் குழாயில் புகட்டினான். கன்று கொஞ்ச நாளாகச் சோர்வாக இருக்கிறது, தெம்பு வேண்டும் என்று.

முதல் மாடித் திருப்பத்தில் பொட்டு உட்கார்ந்துவிட்டது. படுக்கவில்லை. முன்னங்கால்களை மடித்து, கழுத்தை நீட்டி, வாய் திறந்து நின்ற நிலையிலிருந்து அப்படியே இறங்கியது. மேலே சிவப்பி கத்தினாள். கீழே தாம்பாளத்தோடு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கன்னுக்கு லிஃப்ட் கேக்குதுப்பா!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆதிலட்சுமி அதன் தொடையில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "எழுந்திரு சோம்பேறி நாயே! மானத்த வாங்கறியே!"

அது எழுந்திருக்கவும் பார்த்தது. அதுதான் பிறகு அவளுக்கு மறக்கவில்லை. அடித்ததும் முதுகைத் தூக்கியது, பின்னங்கால் நடுங்கியது, மறுபடி இறங்கியது. கடைசியில் கலியபெருமாள் கழுத்தில் சுமந்துகொண்டு போனான். அன்றைக்குப் பூசை நடந்தது, சாணியும் விழுந்தது. ஆனால் அந்த வீட்டு அம்மாள் வெற்றிலை பாக்குக் கொடுக்கும்போது ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் ஆதிலட்சுமியின் மகள் கார்குழலி இருந்தாள். அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த பெண். கார்த்திகை தீபத்துக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. மாமியார் வீட்டில் இட்லிமாவு வியாபாரம். விடிய வெகுநேரம் இருக்கும்போதே எழுந்து கிரைண்டரைப் போடவேண்டும், பிறகு சமையல், பிறகு மாவை அளந்து பொட்டலம் கட்டவேண்டும். எதுவும் குறையாகச் சொல்ல மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் தம்பிக்கு முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு விலை குறைந்ததைத் தொட்டுக்காட்டுவாள். 'எம் பொண்ணு வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டதில்ல' என்று ஆதிலட்சுமி தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

கார்குழலி கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை எடுக்காமல் கூப்பிட்டாள். "ம்மா, இங்க வாயேன். கைய வை. முழங்கைக்குப் பின்னால. அங்கதான்."

ஆதிலட்சுமி வைத்தாள். விரல்களுக்குக் கீழே ஏதோ உறுமியது. மடியில் சுருண்ட பூனை கண்ணை மூடிக்கொண்டு உறுமுமே, அந்த மாதிரி. ஆனால் இதில் சுகம் இல்லை.

"நாக்கப் பாத்தியாம்மா? நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு."

"வெல்லம் குடிச்சுது."

"வெல்லம் குடிச்சா நீலமாவா ஆவும்?"

*

கால்நடை மருந்தகத்தில் காதுக்குழாய் வைத்துப் பார்த்தவர் யாருக்கோ போன் போட்டு இவர்கள் விலாசத்தைச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஒரு டாக்டரம்மா தேடிக்கொண்டு வந்தாள். நிர்மலாதேவி என்று பேர். கார்குழலியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பிறவியிலேயே இதயத்தில் குறையுள்ள குட்டிகள், கன்றுகள் உடலை வருத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அவள் படிப்பு. ஸ்கூட்டியில் ஒரு பெட்டி, அதற்குள் கைக்கடக்கமாக ஒரு மிஷின்.

"ஒப்பிட்டுப் பாக்க இதே வயசுல நல்ல கன்னு ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டாள்.

சந்துக்கோடியில் மாடு வைத்திருக்கும் கன்னியப்பன் தன் காளைக்கன்றை இழுத்துக்கொண்டு உடனே வந்துவிட்டான். அவனும் புதுமனைக்கு மாடு விடுகிறவன். அவன் மாடு தரைவீட்டுக்கு மட்டும்தான் போகும்.

இரண்டு கன்றுகளின் கழுத்திலும் துளி ரத்தம் எடுத்து மிஷினில் வைத்தாள். பிறகு சந்துமுனை விளக்குக் கம்பம் வரை நடத்திக் கூட்டிவரச் சொன்னாள். ஓட்டக் கூடாது, நடை மட்டும். காளைக்கன்று போகும்போதே துள்ளியது, வரும்போது கன்னியப்பனை இழுத்துக்கொண்டு வந்தது. பொட்டு தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. கம்பத்தடியில் ஒருமுறை நின்றது. வந்ததும் மறுபடி ரத்தம். கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து மறுபடியும் ஒரு துளி.

"எங் கன்னுக்கு எவ்ளோ மார்க்கும்மா?" என்றான் கன்னியப்பன்.

"பாஸ்."

"அதானே. டியூசன் போவாமலே."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா பொட்டின் விலாவில் கைவைத்துக்கொண்டே பேசினாள். "இதயத்துல நடுச்சுவர் ஒண்ணு இருக்கும்மா. இதுக்கு அதுல பெரிய ஓட்ட. பொறவியிலயே. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் அங்க கலந்துடுது. சும்மா நிக்கும்போது எப்படியோ சமாளிச்சுடும். நடந்தா, ஏறினா, தசைக்குக் காத்து கூடுதலா வேணும். இதயமும் வேகமாத்தான் அடிக்குது. அடிச்சும், போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர மாட்டேங்குது. அப்ப தசை காத்து இல்லாமலே சக்கரைய எரிக்கப் பாக்கும். அப்படி எரிச்சா தெம்பு கொஞ்சமாத்தான் வரும். புளிப்பு நெறைய சேந்துடும்."

"புளிப்பா?"

"ஆமாம்மா. பால் புளிச்சா வருதே, அதே புளிப்புதான். நடந்தா எல்லா உடம்புலயும் கொஞ்சம் வரும், நின்னா போயிடும். அந்தக் கன்னுக்கு ஏறுச்சு, எறங்கிடுச்சு. இதுக்கு ஏறினது இன்னும் எறங்கவே இல்ல."

பால் புளிப்பது என்றால் ஆதிலட்சுமிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்திரம் சரியாகக் கழுவாத நாளில், வெயில் ஏறிய நாளில், மூடியைத் திறக்குமுன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அது பாத்திரத்தில் நடப்பது. உயிரோடு நிற்கிற ஓர் உடம்புக்குள், தோலுக்கு அடியில், நான்கு தப்படி நடந்ததற்கே அப்படி ஆகும் என்றால், அதோடு எப்படி நிற்கிறது இது?

"வெல்லம் கரைச்சுக் குடுத்தோம், தெம்பு வரட்டும்னு," என்றான் கலியபெருமாள்.

"வெறகு கொறைச்சல் இல்லீங்க ஐயா. காத்துதான் கொறைச்சல்." பிறகு அவள் ஆதிலட்சுமியிடம் திரும்பினாள். "கன்னுக்குட்டிக்குப் பால் குடிக்கிறதே பெரிய வேலை. முட்டணும், உறிஞ்சணும், முழுங்கணும், நடுவுல மூச்சு விடணும். இது குடிக்கும்போது பாதியில விட்டுடுமா?"

"ஆமாம்மா," என்றாள் ஆதிலட்சுமி. வழக்கமான பெருமை குரலில் முன்னால் ஓடிவந்துவிட்டது. "ரொம்ப மரியாத தெரிஞ்ச..."

மீதி வரவில்லை. தனக்கொடி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அது பேச்சைவிட மோசமாக இருந்தது.

"ஆபரேசன் கீபரேசன்?" என்றான் கலியபெருமாள்.

"மாட்டுக்கு இங்க யாரும் பண்றதில்லீங்க. ஓடவிடாம, ஏறவிடாம வெச்சிருந்தா கொஞ்ச காலம் நல்லா இருக்கும். சென புடிக்க விடக் கூடாது. குடிக்கும்போது நிறுத்தி நிறுத்திக் குடிக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க. மாடிப்படி மட்டும் வேண்டாம். அடுத்த தடவ படியிலயே போயிடலாம்."

*

நாலைந்து நாள் ஆதிலட்சுமி கன்றுக்காகக் காத்திருந்தாள். பொட்டு காம்பை விடும், நிற்கும், திரும்பி வரும். மறுபடி விடும். அதற்குள் டீக்கடைக்காரர் ஆள் அனுப்பிவிடுவார். மார்கழிக் குளிரில் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் டீ கேட்டு நிற்கும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கன்று விலகியதும் கை தானாக வாளியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பசித்தால் கேட்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பால் கறந்தாள்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. யாரும் புதுவீட்டுக்குப் போவதில்லை, எந்தப் படியும் ஏறவேண்டியதில்லை. கார்குழலி கன்றைக் காலை வெயிலில் கட்டி, அகத்திக்கீரை ஊட்டி, சாக்கு போர்த்திப் பார்த்துக்கொண்டாள். மாதக் கடைசியில் பொட்டின் நாக்கு ரோஜாநிறமாக இருந்தது. மயிர் மினுமினுத்தது. மாட்டுப்பொங்கலன்று மஞ்சள் பூசி மாலை போட்டபோது தலையை ஆட்டி மாலையைத் தின்னப் பார்த்தது.

"பாத்தியா? மிஷினு தப்பாக் காட்டியிருக்கும்," என்றான் கலியபெருமாள். "நம்ம வீட்டு பிரஷர் மிஷின் எத்தினி தபா தப்பாக் காட்டிச்சு."

"ஒரு மாசமா அது எங்கப்பா நடந்துது?" என்றாள் கார்குழலி.

"நீ சும்மா இரு. ஒனக்கும் ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. மாப்ள போன் மேல போன் போடறாரு. வர ஞாயித்துக்கெழம நானே கொண்டாந்து உட்டுடறேன்."

கார்குழலி கீரைக்காம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சரிப்பா," என்றாள்.

பொங்கல் முடிந்ததும் ஐயர் வந்துவிட்டார். முதல் முகூர்த்தம் சொல்தா இராமதாஸ் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பாரீஸிலேயே இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். மூன்றாவது மாடி. லிஃப்டுக்கு இன்னும் மின் இணைப்பு வரவில்லை.

"கன்னுக்குக் கொஞ்சம் முடியல சாமி," என்றாள் ஆதிலட்சுமி.

"இதோ, துள்றதே! பாரும்மா, இந்தத் தைக்கு நான் எல்லாம் சிவப்பின்னு சொல்லி வெச்சுட்டேன். மொதல் எடத்துலயே இல்லேன்னா நன்னாருக்காது. அப்புறம் தரைவீடுன்னாலும் நான் கன்னியப்பன்கிட்டதான் போகணும்."

அன்றைக்குச் சாயந்திரம் கலியபெருமாளே ஒரு வழி கண்டுபிடித்தான். கிடங்கில் வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிப்போவது, கன்றைத் தூக்கிக்கொண்டே ஏறுவது. "அது எங்க ஏறப்போவுது? நாமதான ஏறப்போறோம்."

அது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிற பேச்சைக் கேட்டு மனசு அடங்காவிட்டால் என்ன செய்வது என்று ஆதிலட்சுமிக்குத் தெரியவில்லை. பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். கன்று கொட்டகையில் நின்று அவளைப் பார்த்தது. எதையும் கேட்காத பார்வை. அந்தப் பார்வையைத்தான் இத்தனை நாளும் நல்ல குணம் என்று நினைத்திருந்தாள்.

*

இராமதாஸ் பட்டுவேட்டிக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தார். "போன்ழூர், வாங்க வாங்க!" என்று கீழே கார் நிறுத்துமிடத்துக்கே வந்து சிவப்பியைக் கும்பிட்டார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. படிகளில் சாக்கு விரித்து, ஓரத்தில் கோலம் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் தாம்பாளமும் குத்துவிளக்கும் சாமி படமுமாக வரிசையில் நின்றார்கள். கார்குழலியும் வந்திருந்தாள், கன்றைப் பிடித்துக்கொள்ள.

கலியபெருமாள் சிவப்பியை முன்னால் விட்டான். கிடங்கு ஆட்கள் இரண்டு பேரும் பொட்டின் வயிற்றடியில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஒரு மாதம் நன்றாகத் தின்றிருந்தது. கனத்தது. கால்கள் தரையை விட்டதும் பயந்துபோய் உதைத்தது. ஒருவர் மார்பில் குளம்பு பட்டது. முறுக்கிக்கொண்டு கத்தியது. இதற்கு முன் அது கத்தி ஆதிலட்சுமி கேட்டதே இல்லை.

"எறக்குங்க, எறக்குங்க!" என்றாள் கார்குழலி.

இறக்கினார்கள். பொட்டின் விலா துருத்தி போல ஏறி இறங்கியது. நாக்கின் ஓரத்தில் அந்த நிறம் மெல்ல வந்துகொண்டிருந்தது. ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள். சுற்றி இருந்தவர்களையும் பார்த்தாள். அவர்களுக்கு அது மாலை போட்ட கன்று, அவ்வளவுதான்.

அப்போது மேலே நாலாம் படியில் நின்ற சிவப்பி திரும்பிப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

பொட்டு காதை நிமிர்த்தியது. யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. தானாகப் படியருகே போய் முன்னங்காலைத் தூக்கி முதல் படியில் வைத்தது. பிறகு மற்றொரு கால். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டது. அடுத்த படியை முகர்ந்தது.

"ஆஹா, பாத்தேளா! தானா ஏறறது!" என்று ஐயர் கையைத் தூக்கினார். "மகாலக்ஷ்மி தானே நடந்து வரா!"

ஒரு பெண் செல்போனை உயர்த்திப் பிடித்தாள். இராமதாஸின் மனைவி கண்ணில் நீரோடு கும்பிட்டாள். நாதஸ்வர ரெக்கார்டைச் சத்தமாக வைத்தார்கள்.

ஏறிவிடும் என்று ஆதிலட்சுமிக்குத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது. கூப்பிட்டதற்காக ஏறும். அடித்தால் எழுந்திருக்கப் பார்த்ததே, அதேபோல, எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஏறும். முடியாத இடம் வந்தாலும் முடியவில்லை என்று சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாதவர்களை எல்லாம் 'தங்கமான குணம்' என்று மெச்சி மெச்சி அவள் என்ன செய்துவைத்திருக்கிறாள்?

கன்று இரண்டாம் படியில் காலை வைத்தது.

"போதும்," என்றாள்.

சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் போய்ப் பொட்டின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். உள்ளே இருந்த உறுமல் அவள் கன்னத்தில் அடித்தது. "போதும்டா தங்கம். ஏறாத. ஏங்க, சிவப்பிய எறக்குங்க."

"என்னா சொல்ற?"

"எறக்குங்கன்றேன். கன்னு ஏறாது."

பாட்டு நின்றது. ஐயர் மேலிருந்து இரண்டு படி இறங்கி வந்தார். "என்னம்மா இது, முகூர்த்த நேரத்துல! ஏறிண்டுதானே இருக்கு?"

"ஏறுது சாமி. ஏறி உழுந்துடும். இதுக்கு நெஞ்சில ஓட்ட. டாக்டரம்மா சொன்னாங்க. தெரிஞ்சேதான் இட்டாந்தேன், என் தப்பு." கை கழுத்தை விடவில்லை. "கோமாதா பூசைய இங்கயே வாசல்ல பண்ணிக்குங்க."

"வாசல்னா? இது கார் நிறுத்தற எடம்!"

"லட்சுமி, மானம் போவுது," என்றான் கலியபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போவட்டுங்க. கார்த்திகையில ஒரு தபா போச்சு. அப்ப இத அடிச்சேன்."

கிசுகிசுப்பு எழுந்தது. அபசகுனம் என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. இராமதாஸ் குனிந்து கன்றின் முகத்தைப் பார்த்தார். அது வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் தன் நெஞ்சில் சட்டைக்கு மேலாகக் கையை வைத்துத் தடவினார்.

"எனக்குப் பாரீஸ்ல ரெண்டு அடைப்பு எடுத்தாங்க," என்றார் பொதுவாக. "அதுக்கு முன்னால மெத்ரோ ரயில் படியில நிப்பேன். பின்னால வரவன் பர்தோன், பர்தோன்னு இடிச்சுக்கினே போவான். எவனும் ஏன் நிக்கறன்னு கேக்கல." பிறகு ஐயரைப் பார்த்தார். "பா கிராவ். பரவால்ல சாமி. இந்த எடமும் எங்க பத்திரத்துல இருக்குது. இங்கயே பண்ணுங்க."

அவர் மனைவிக்குச் சம்மதமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பூசை முடியும் வரை அவள் ஆதிலட்சுமியைப் பார்க்கவில்லை. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே சிவப்பிக்குக் குங்குமம் வைத்து, அகத்திக்கீரையும் பழமும் கொடுத்து, வலம் வந்தார்கள். சிவப்பி தன் வழக்கப்படி அங்கேயே சாணி போட்டாள். ஒரு சிறு கிண்ணத்தில் அதைத் தொட்டு எடுத்துக்கொண்டு ஐயர் மேலே போனார். போகும்போது, "அடுத்த வாரம் தரைவீடுதான், கன்னியப்பன்கிட்ட சொல்லிக்கறேன்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார்.

திரும்பும் வழியில் கன்று நின்ற இடத்திலெல்லாம் எல்லோரும் நின்றார்கள். கடற்கரைச் சாலைக்கு அருகே ஒரு வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார்கள். கலியபெருமாள் இரண்டு பீடி பற்றவைத்தான். மூன்றாவதைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு, பொட்டின் கழுத்து மாலையை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

*

சாயந்திரம் ஆதிலட்சுமி கன்றை அவிழ்த்து விட்டாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பொட்டு நான்கு முட்டு முட்டிக் குடித்தது. காம்பை விட்டது. தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னாடி, கன்னுதான் உட்டுடுச்சே. கறக்கலியா?" தனக்கொடி சொம்போடு வந்து நின்றாள்.

"உடல. மூச்சு வாங்குது."

தனக்கொடி கன்றைப் பார்த்தாள். சொம்பை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "சரி, வாங்கட்டும். எங்க வீட்டுல இன்னிக்கி வரக்காப்பிதான்னு சொல்லிடறேன். எங்க ஊட்டுக்காரருக்கு அது மூஞ்சி கனவுல வராம தூக்கமாவது வரட்டும்." சிரித்தபடியே போய்விட்டாள்.

கார்குழலி தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே அவள் செல்போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"குழலி," என்றாள் ஆதிலட்சுமி. "எதுக்குடி வந்த?"

ஒன்றரை மாதமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. எப்போது போகிறாய் என்பதுதான் எல்லோரும் கேட்டது.

"சும்மாத்தாம்மா."

வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சொல்லோடு ஆதிலட்சுமி எழுந்து வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். எம் பொண்ணு ஒண்ணும் கேக்க மாட்டா. இன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பொட்டு தலையைத் திருப்பித் தாயிடம் வந்தது. இரண்டு வாய் குடித்தது. மறுபடி விலகி நின்றது. அதன் விலா மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று எழுந்து கொட்டகைக் கீற்றைச் சலசலக்க வைத்தது.

"அங்க யாரும் அடிக்கலம்மா, திட்டக்கூட இல்ல," என்றாள் கார்குழலி, கன்றைப் பார்த்துக்கொண்டே. "காலையில எழுந்திரிக்க முடியல. அவ்ளோதான். கிரைண்டர் சத்தம் கேட்டா கையி ஓட மாட்டேங்குது. இத எப்பிடி ஒரு காரணம்னு வந்து சொல்றது?"

இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்று ஆதிலட்சுமிக்குத் தோன்றியது. கவிழ்த்த வாளியைக் கொஞ்சம் நகர்த்தி மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

பொட்டு மூன்றாம் முறையாக மடிக்கு வந்தது.